நூலகர்க்கும் பள்ளி வைத்தவர்

வேலை ஒன்று, மனுப் போட்டவர்கள் 900 பேர். அந்த வேலைக்குரிய படிப்பைப் படித்தவர் அந்த 900 பேரில் ஒருவர்கூட இல்லை!

நடந்தது சென்னையில். நீதிக் கட்சி ஆட்சி. பனகல் அரசர் முதலமைச்சர். 1923ல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. அதையொட்டி, பல்கலைக் கழக நூலகத்துக்கு நூலகர் ஒருவர் தேவை என்று அறிவித்தார்கள். நல்ல சம்பளம். மனுக்கள் மலையெனக் குவிந்தன. ஆனால் நூலகம் நடத்துவது எப்படி என்று மனுச் செய்தவர் எவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. அதைக் கற்றுத்தரும் பள்ளி அன்றைய சென்னையில் ஏது?

பதவி, ஒரு கணக்கு ஆசிரியருக்குக் கிடைத்தது. நேர்முகத்துக்குப் போகுமுன் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். அதுதான் அந்தத் துறையில் அவர் பெற்றிருந்த முழுப் பயிற்சி! சிரிக்காதீர்கள், தோழர்களே. பின்னாளில் இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்பட்டவரும், மேல்நாட்டார் தங்கள் கல்லூரிகளில் பாடமாக வைத்த நூல்களை எழுதியவரும் அவரேதான். சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன். சீர்காழி, வெள்ளைக்காரன் வாயில் நுழைந்து ஷியாளி ஆகி, அவர் பெயருக்கு முன்னே எஸ் என்று ஒட்டிக்கொண்டது. எஸ்.ஆர். அரங்கநாதன் என்றால் உலகின் எந்த மூலையிலுள்ள நூலகருக்கும் தெரியும். அவர் பிறந்த நாட்டில், அவர் வகுத்துத் தந்த சட்டத்தால் நடக்கும் நூலகத்தில் நாள்தோறும் நாளேடு படிக்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கதையை ஜூஜுவாடியில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லாரிகள் வரிசை கட்டும் இந்த எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதிலிருந்து ஓட்டமாய்ப் போனால் பெங்களூர். தம் கடைசிப் பதினைந்து ஆண்டுகளை அந்தப் பெங்களூரில்தான் அவர் கழித்தார். 1972ல் அங்கேதான் கண் மூடினார். நமக்கு அடுத்த வீட்டுக்காரராக இருந்து மறைந்தவர்.

இன்னொரு காரணமும் உண்டு. 1923ல் சென்னையில் இருந்த அதே விசித்திரம், வேறு உருவில் இன்று நம் ஊர்களில் உலவுகிறது. நூலகத்துக்குக் கணிப்பொறி வருகிறது, இணையக் கம்பி வருகிறது, பெயர்ப்பலகை பளபளக்கிறது. அதை இயக்கி, வந்தவனுக்கு வழிகாட்ட வேண்டியவருக்குப் பயிற்சி மட்டும் வருவதில்லை, அல்லது அரைகுறையாக வருகிறது. பயிற்சியின் அருமை என்ன என்று அறிய வேண்டுமானால் அரங்கநாதனின் வாழ்வைப் பார்க்க வேண்டும்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். பார்ப்பனக் குடும்பம். பிறந்த குலத்தைச் சொல்லி ஒருவரைத் தள்ளிவிடுவதும் நம் வழக்கமல்ல. மூடி மறைப்பதும் நம் வழக்கமல்ல. கற்க உரிமை எமக்கே என்று காலமெல்லாம் பேசிவந்த கூட்டத்தில் பிறந்தார். ஏட்டைக் காதால் கேட்டவனின் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த சாத்திரத்தின் நிழலிலே வளர்ந்தார். வளர்ந்தவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. அவர் நூல்களில் வடமொழி மேற்கோள்கள் மண்டிக் கிடக்கும். அந்தப் பழம்பெருமைப் பேச்சு நமக்கு உடன்பாடல்ல. ஆனால் அந்த மேற்கோள்களுக்கு நடுவே அவர் வலியுறுத்திய கொள்கை, பூட்டிய அலமாரியைத் திறந்து எல்லாருக்கும் கொடு என்பது. அதைப் பாராட்ட நமக்கென்ன தயக்கம்?

தந்தை சிறு நிலக்கிழார். மாலை வேளைகளில் இராமாயணக் கதை சொல்லுவாராம். பையனுக்கு ஆறு வயதாகும்போது, 1898ல், தந்தை இறந்தார். பாட்டனார் ஆதரவில் வளர்ந்த பிள்ளை, உள்ளூரில் சபாநாயக முதலியார் பள்ளியில் படித்தான். திக்குவாய் வேறு. திக்கித் திக்கிப் பேசிய அந்தப் பிள்ளைதான் பிறகு ஆசிரியராகி, ஆயிரம் பேருக்குப் பாடம் சொன்னான்! சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணக்குப் படித்து 1916ல் எம்.ஏ. தேறி, சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று ஊர் ஊராகக் கணக்குச் சொல்லித்தந்தார். ஆசிரியர் சம்பளம் அன்றும் இன்றைய ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி போலத்தான். கையிலிருந்து வாய்க்குப் போதாது. நண்பர்கள் தூண்ட, நூலகர் வேலைக்கு மனுப் போட்டார். 1924 ஜனவரியில் பதவியேற்றார்.

ஒரு வாரம் தாங்கவில்லை. வகுப்பறையில் நாற்பது ஐம்பது முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆளரவமற்ற அறையும், தூசி படிந்த அலமாரியும், எப்போதோ எட்டிப்பார்க்கும் ஒரு வாசகரும் தனிச்சிறை போலத் தோன்றின. எனக்கு வேண்டாம் இந்த வேலை, கணக்கு வகுப்புக்கே திரும்புகிறேன் என்று மேலிடத்தில் போய் நின்றார். ஓர் ஏற்பாடு செய்தார்கள். இங்கிலாந்து போய் நூலகக் கலையைப் படித்து வா; வந்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் பழைய வேலை உனக்கே.

ஆக, ஒரு நூலகருக்குப் பயிற்சி வேண்டுமென்றால் அன்று கப்பலேற வேண்டும்! ஆயிரமாயிரம் மைல் கடல் தாண்டி இலண்டனுக்குப் போக வேண்டும். எத்தனை பேரால் முடியும்? ஒருவரால் முடிந்தது. அந்த ஒருவர் திரும்பி வந்து, இனி எவரும் இதற்காகக் கப்பலேறத் தேவையில்லாதபடி செய்தார். அவர் வாழ்வில் நான் பெரிதாகக் கருதுவது இதைத்தான்.

இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசான், சேயர்ஸ் என்பவர். குராய்டன் நகர நூலகத்தின் தலைவர். பாடம் கேட்டதோடு நில்லாமல், நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். கண்டது என்ன? ஆலைத் தொழிலாளி அழுக்குச் சட்டையோடு உள்ளே வருகிறான். அவனுக்கு எழுந்து உதவி செய்கிறார்கள். குழந்தைக்கு ஒரு பகுதி. குடும்பப் பெண்ணுக்கு ஒரு பகுதி. அலமாரிகள் திறந்து கிடக்கின்றன. புத்தகம் என்பது சீமான் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கிருக்கும் பொம்மையாக அங்கே இல்லை. கணக்கு ஆசிரியரின் மனம் மாறியது. வகுப்பறையில் ஐம்பது பேருக்குச் சொல்லலாம்; நூலகத்தைச் சரியாக நடத்தினால் ஊருக்கே சொல்லலாமே!

அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் பாரம் தூக்கி. வேறு விதமாகப் பூட்டினால் வண்டி. ஓசூரில் வண்டி பூட்டும் வரிசையில் நிற்கும் தோழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரங்கநாதன் மூளையில் பொறி தட்டியது. அதுவரை அமெரிக்கர் டியூயி 1876ல் வகுத்த முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். புதுப் பொருள் வந்தால் இடமில்லாமல் திண்டாட வேண்டும். இவர், முழு எண்ணை எழுதி வைக்காதே, துண்டுகளை வைத்துக்கொள் என்றார். நெல் ஒரு துண்டு. நோய் ஒரு துண்டு. தஞ்சை ஒரு துண்டு. 1950 ஒரு துண்டு. தஞ்சையில் 1950ல் நெல்லுக்கு வந்த நோய் பற்றி நூல் வந்தால், துண்டுகளைப் பூட்டு, எண் தயார். பூட்டுக்கு முக்காற்புள்ளி. அதுவே கோலன் பகுப்பு என்று 1933ல் நூலாக வெளிவந்தது. இன்று கைப்பேசியில் சட்டை வாங்கப் போகிறவன் நிறம், அளவு, விலை என்று தனித்தனியாகத் தட்டித் தேடுகிறானே, அந்த வழியின் தத்துவத்தை அன்றே வகுத்துக் காட்டியவர் இவர். திரும்பி வரும் கப்பலிலேயே, அந்தக் கப்பலின் சிறு நூலகத்தை வைத்துத் தம் முறையைச் சோதித்துப் பார்த்தாராம்!

1925ல் சென்னை வந்தார். கணக்கு வேலையைக் கேட்கவில்லை. அலமாரிகளைத் திறந்துவிட்டார். நூலகத்தின் நேரத்தை நீட்டினார். வருகிறவரை வரவேற்று, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுத் தேடிக் கொடுப்பதற்கென்றே ஆட்களை நிறுத்தினார். தாம் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள், இருபது ஆண்டு விடுப்பின்றி உழைத்தார் என்று எழுதுகிறார்கள். இரண்டாம் திருமணம் நடந்த அன்று பிற்பகலே நூலகம் வந்துவிட்டாராம்! இதை நான் முழுமனத்தோடு பாராட்டமாட்டேன். எட்டு மணி நேர வேலைக்காகச் செத்தவர்களின் வழிவந்த தொழிலாளிக்கு அது முன்மாதிரியும் அல்ல; புது மணப்பெண் என்ன நினைத்தாரோ! ஆனால் முதலாளி விரட்டியதால் உழைத்ததல்ல அது. தானே பற்றவைத்துக்கொண்ட தீ.

1928ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவர் அதன் உயிர்நாடி. மறு ஆண்டு, 1929 கோடையில், சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் இதற்கு முன் முயற்சி இல்லாமல் இல்லை. பரோடாவில் கெய்க்வாட் மன்னர் அழைத்துவந்த அமெரிக்கர் போர்டன் 1911ல் வகுப்பு நடத்தினார். இலாகூரில் டிக்கின்சன் என்ற இன்னோர் அமெரிக்கர் 1915ல் நடத்தினார். நம் சென்னையில் வேர்விட்டது அரங்கநாதன் பள்ளி. 1931ல் பல்கலைக் கழகமே அதை ஏற்றுக்கொண்டது. 1937 முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. எண்ணிப் பாருங்கள்: 1923ல் 900 பேரில் ஒருவருக்கும் பயிற்சி இல்லை. பதினைந்தே ஆண்டுக்குள், அதே ஊரில், ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர்கள் வெளிவருகிறார்கள். இலண்டன் வரை இருந்த தூரம், சென்னை வரை என்று சுருங்கியது.

1931ல் அவர் எழுதிய நூல் ஐந்து விதிகளைக் கூறுகிறது. உலகம் முழுதும் நூலகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் விதிகள் அவை. சாரம் என்னவெனில்: புத்தகம் பூட்டி வைக்கவல்ல, படிக்க; வருகிற ஒவ்வொருவனுக்கும் அவனுக்கேற்ற நூல் உண்டு, கொடு; அலமாரியில் தூங்கும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகன் எங்கோ இருக்கிறான், தேடிப் பிடி; வருகிறவன் நேரத்தை வீணாக்காதே; நூலகம் வளர்கிற உயிர், அதை வளரவிடு. கேட்பதற்கு எளிது. இதில் நேரம் பற்றிய விதியைப் பாட்டாளி ஒருவன்தான் முழுவதும் உணர்வான். இரவு ஷிப்டு முடிந்து, கம்பெனிப் பேருந்தில் தூங்கி வழிந்து, வீட்டில் தலை சாய்க்குமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி நூலகம் வருகிறான். அந்த ஒரு மணி நேரம் அவனுடைய மொத்தச் சொத்து. அதைக் காக்கத் தெரிந்தவர்தான் நூலகர்; சாவி வைத்திருப்பவர் எல்லாம் நூலகரல்லர்.

எழுத்தறியாதவனை என்ன செய்வது? அவனுக்கு நூலகம் தேவையில்லை என்று எழுதியிருந்தால் அந்த நூலைத் தூக்கி எறிந்திருப்பேன். அவனுக்குப் படித்துக் காட்டு என்றார் அரங்கநாதன். இதே வேலையைத்தான், அவருடைய நூலைக் கண்ணால் பாராமலே, நம் இயக்கத்துப் படிப்பகங்கள் செய்தன. தெருமுனைக் கீற்றுக் கொட்டகையில், முடி திருத்தகத்தில், தையற்கடைத் திண்ணையில் ஒருவன் ஏட்டை உரக்கப் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்களே! கன்னிமாரா நூலகத்தில் காலமெல்லாம் குடியிருந்ததுபோல் படித்தவர் பேரறிஞர் அண்ணா. வீட்டுக்கொரு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியிலும் பேசினார். சீர்காழிக்காரர் ஒரு பக்கமாக வந்தார். காஞ்சிக்காரர் ஒரு பக்கமாக வந்தார். இருவரும் வந்து நின்ற இடம் புத்தக அலமாரியின் முன்பு.

அதே 1931ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். சென்னை நூலகச் சங்கத்தின் தொடர்பில் நடந்த முயற்சி அது. வாசகன் வராவிட்டால் நூலகம் அவனிடம் போகட்டும்! காளை இழுத்த அந்த வண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனி மனிதர் தயவில் நூலகம் வாழாது. சட்டம் வேண்டும், வரி வேண்டும் என்பதை அவர் 1930 முதலே வற்புறுத்தி வந்தார். 1930களில் சட்டசபைக்கு மசோதா வந்து, உருப்படாமல் போயிற்று. விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கு; அந்தப் பணம் வேறெங்கும் போகாமல் நூலக ஆணைக்குழுவுக்கே போகட்டும் என்று ஏற்பாடு. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது ஓசூர். 1965ல் தருமபுரிக்குப் போய், 2004ல் கிருட்டிணகிரி மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டம் மாறினாலும் வரி மாறவில்லை. இன்று வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு.

ஓசூர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ஆச்சாரியார், இராசகோபாலாச்சாரியார். அவரும் மூளைக்காரர்தான், யார் மறுத்தார்? 1953ல் அவர் மூளை என்ன கண்டுபிடித்தது? பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் இரு, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்ற குலக்கல்வித் திட்டம். நாடு கொதித்தது, அடுத்த ஆண்டே பதவியை விட்டு இறங்கினார். ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு ஏற்பாடுகள்: ஒன்று சவரத் தொழிலாளி மகனுக்கும் அலமாரியைத் திறந்தது, மற்றொன்று அவன் கையில் மீண்டும் கத்தியைக் கொடுக்கப் பார்த்தது. குலம் ஒன்றாக இருந்தும் குணம் வேறாக இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டுமா?

1940களின் நடுவே அரங்கநாதன் சென்னையை விட்டார். ஓய்வு என்று சொன்னார்கள், ஓய்ந்தாரா? காசிப் பல்கலைக் கழகத்தில் ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்து அடுக்கினார். தில்லியில் 1947 முதல் பாடம் நடத்தினார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சில ஆண்டு எழுதினார். 1957ல் பெங்களூர் வந்து தங்கினார். ஏறத்தாழ அதே வேளையில், சேர்த்து வைத்திருந்த ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கொடுத்தார். அந்த நாளைய இலட்சம்! அதைக் கொண்டு நூலகக் கல்விக்கு ஒரு பேராசிரியர் இருக்கை. பெயர், தம் மனைவி சாரதாவின் பெயர். கட்டடம் கட்டித் தம் பெயரைப் பொறிக்கச் சொல்லவில்லை. சிலை வைக்கச் சொல்லவில்லை. நூலகருக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரை நிரந்தரமாக அமர்த்துங்கள் என்று பணத்தை நீட்டினார். எதை முதன்மையாக நினைத்தார் என்பது அந்த இலட்சம் போன இடத்தைப் பார்த்தால் தெரியும்.

பெங்களூரில் 1962ல், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் தொடங்கினார். எழுபதாம் வயதில் இன்னொரு பள்ளி! 1965ல் அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது. கணிப்பொறி அன்று ஓர் அறை முழுவதையும் அடைக்கும் பூதம். அந்தப் பூதத்தைக் கொண்டு நூல் தேடுவது எப்படி என்ற ஆராய்ச்சி 1960களிலேயே அந்த மையத்தில் தொடங்கிவிட்டது. 1972 செப்டம்பர் 27ல் மறைந்தார். அதே 1972ல்தான் கலைஞர் ஆட்சி, பொது நூலகங்களுக்குத் தனி இயக்ககம் கண்டு, நூலகப் படிப்புப் படித்துத் தேறிய வே. தில்லைநாயகத்தை அதன் தலைமையில் அமர்த்தியது. அந்தத் துறையில் பயிற்சி பெற்றவரே துறையை ஆளும் நிலை அன்று வந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 12, அரங்கநாதன் பெயரால் நூலகர் நாள்.

நூலகர் நாளில் மாலை போடுகிறோம். மற்ற நாளில்?

ஜூஜுவாடி, சிப்காட் சுற்றுவட்டத்தைப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசும் ஊர்; இப்போது ஒடியாவும் இந்தியும் வங்காளமும் சேர்ந்துவிட்டன. சேமநிதிப் பணத்தை எடுக்க வேண்டுமா? இணையத்தில். அரசுத் தேர்வுக்கு மனுவா? இணையத்தில். நிலப் பட்டா, பிள்ளையின் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு, எல்லாம் இணையத்தில். தொழிலாளி எங்கே போகிறான்? கணிப்பொறிக் கடைக்குப் போகிறான். கேட்ட காசைக் கொடுக்கிறான். தன் ஆதார் எண்ணையும், கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் முன்பின் அறியாதவனிடம் ஒப்பிக்கிறான். ஒரு நாள் வங்கிக் கணக்கு காலியாகிறது. தலையில் கை வைத்து உட்காருகிறான். பழைய நாளில் கடுதாசி எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவன் வாசலில் காத்து நின்றானே, அதே நிலை, வாசல்தான் மாறியிருக்கிறது. அவன் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தானே செய்துகொள்ளப் பழக்கிவிடும் ஒருவர் இருந்தால்? எழுத்தறியாதவனுக்குப் படித்துக் காட்டு என்றாரே, அந்த வேலையின் இன்றைய உருவம் இதுதான். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. எடுத்துக் காட்ட ஆள் வேண்டாமா?

அதற்கு நூலகர் முதலில் கற்க வேண்டும். எப்படிக் கற்பது? ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் ஆள். அவரை ஒரு வாரம் சென்னைக்கு வரச் சொன்னால், ஒரு வாரம் ஊர் நூலகத்துக்குப் பூட்டு. அவர் பெண்ணாக இருந்து வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், பயிற்சிக்கே முழுக்கு. இங்கேதான் இணையவழிப் பயிற்சி உதவுகிறது. பாடம் கம்பி வழியே வரும்; இருந்த இடத்தில், ஆள் வராத வேளையில், நாளுக்கு அரை மணியாகப் படிக்கலாம். இலண்டனிலிருந்து சென்னைக்குச் சுருங்கிய தூரம், சென்னையிலிருந்து அவருடைய மேசைக்குச் சுருங்குகிறது. மன்னார்குடி மாட்டு வண்டி, இம்முறை நூலகரைத் தேடி வருகிறது.

அரங்கநாதன் படிக்கப் போன அதே இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1990களின் இறுதியில் எல்லாப் பொது நூலகங்களுக்கும் இணையம் கொடுக்க முடிவு செய்தார்கள். பத்துக் கோடி பவுன் கருவிக்கும் இணைப்புக்கும். அதோடு நிற்கவில்லை, நூலகப் பணியாளருக்குப் பயிற்சி தர மட்டும் தனியாக இரண்டு கோடி பவுன் ஒதுக்கினார்கள். கடைநிலை ஊழியர் வரை ஏறத்தாழ 40,000 பேர். கருவிக்கு ஐந்து ரூபாய் என்றால் ஆளுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கு. கணக்கு ஆசிரியருக்குப் பிடித்திருக்கும்! அமெரிக்காவில் 2003ல் வெப்ஜங்ஷன் என்ற பெயரில் நூலகப் பணியாளருக்கென்றே இணையவழிப் பாடசாலை திறந்தார்கள். அந்த இங்கிலாந்தும் புத்தர் பூமியல்ல. 2010க்குப் பின் சிக்கனம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான நூலகங்களை மூடிய நாடும் அதுதான். நல்லதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

கட்டடத்தில் நாம் குறை வைக்கவில்லை. 2010ல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. 2011ல் வந்தவர்கள் அதை மருத்துவமனையாக்கப் பார்த்தார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது. 2023ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. மார்தட்டிக்கொள்ள வேண்டிய சாதனைகள். ஆனால் கோட்டூர்புரத்தின் கண்ணாடி மாளிகையைக் காட்டி, எல்லைப்புறத்துச் சிற்றூர் நூலகரின் கையில் திறமை வந்துவிட்டது என்று எவரும் கணக்கு எழுதிவிடக் கூடாது. நம் ஆட்சியாயினும் எவர் ஆட்சியாயினும் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

பயிற்சி தமிழில் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் பேசும் படத்தை ஓடவிட்டு, அடுத்து அடுத்து என்று தட்டச் சொல்லி, முடிவில் சான்றிதழ் நீட்டுவது பயிற்சி ஆகாது. கணிப்பொறி தூங்கும், கோப்பு மட்டும் விழித்திருக்கும். படித்ததைக் கையால் செய்து பழக, மாதம் ஒரு நாளாவது மாவட்ட மைய நூலகத்தில் தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். படிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்காக வேண்டும். இரவில் சொந்தக் கைப்பேசியில், சொந்தக் காசில், தூக்கத்தைக் கெடுத்துப் படி என்பது சுரண்டல். தேறியவருக்கு ஊதியத்தில் அதன் பலன் தெரியவேண்டும். ஊர்ப்புற நூலகருக்குக் கொடுப்பது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். திறமையை மட்டும் வானளவு எதிர்பார்க்க வெட்கமாக இருக்கும். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில் சுணங்குவது பழைய நோய். அந்தப் பாக்கி வந்தாலே பாதிச் செலவு தீரும்.

கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வாடகை வீட்டுக்காரனும் விலக்கல்ல. உன் வாடகைக்குள்ளேயே அந்த வரி ஒளிந்திருக்கிறது. ரசீதோடு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். சண்டைக்கல்ல, அங்கிருப்பவரும் உங்களைப் போன்ற உழைப்பாளிதான். கணிப்பொறி ஓடுகிறதா, இணையம் வருகிறதா, கடைசியாக உங்களுக்குப் பயிற்சி தந்தது எப்போது, எத்தனை நாள், எந்த மொழியில் என்று கேட்டு, அவர் சொல்வதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நூலகத்துத் தாள்களைச் சேர்த்து, தொழிற்சங்கத்தின் பெயரால் கிருட்டிணகிரியிலுள்ள மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுங்கள். நகல் ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினருக்கும், ஒன்றை நம் ஏட்டுக்கும் அனுப்புங்கள்.